பூமியை விற்றுப் பைலட் படிப்பா? சோமனூர் அண்ணாவின் கேள்வி

கேள்வி, 09-06-2024

சோமனூர் பக்கம் 24 தறி ஓட்டுகிறேன். மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான், கணக்கு கம்ப்யூட்டர் குரூப். சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் போர் விமானச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன், பைலட் ஆவதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கோயமுத்தூரில் ஒரு ஏஜென்ட்டைப் பார்த்தோம். 18 மாதத்தில் லைசென்ஸ், மொத்தம் 60 லட்சம், ஒரே தவணையில் கட்டினால் 4 லட்சம் குறைப்பு என்கிறார். கிணற்றோரப் பூமி ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. விற்றுக் கட்டிவிடலாமா? மச்சான் வேண்டவே வேண்டாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

09-06-2024, இரவு

கட்டாதீர்கள் அண்ணா. தம்பி பைலட் ஆக வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தை இப்போது கட்டாதீர்கள், ஒரே தவணையில் எப்போதுமே கட்டாதீர்கள்.

நான் கணபதியில் வளர்ந்தவள். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. 2013இல் அன்னூர் பக்கம் அம்மாவின் பங்காக வந்த மானாவாரிக் காட்டை விற்று, வடக்கே ஒரு பள்ளியில் மொத்தப் பணத்தையும் முதல் வாரமே கட்டினோம். 18 மாதம் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். முடிக்க 34 மாதம் ஆனது. அதில் எட்டு மாதம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு விமானத்துக்கு எஞ்சின் வரவேண்டும் என்றார்கள், இன்னொன்று பரிசோதனைக்குப் போனது வரவில்லை. பணம் முழுக்க அவர்கள் கையில் இருந்ததால் எங்களால் கேட்கத்தான் முடிந்தது, வேறொன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்தில் பறக்கிறேன். அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மருத்துவப் பரிசோதனை, அடுத்து எழுத்துத் தேர்வுகள், கடைசியில்தான் பறப்பதற்கான பணம். ஏஜென்ட்டுகள் இதைத் தலைகீழாக நடத்துவார்கள்.

10-06-2024

எந்தப் பள்ளி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. பத்து வருடத்தில் ஆளும் மாறியிருக்கும், விமானமும் மாறியிருக்கும். பெயரை வைத்து முடிவு செய்தால் அடுத்த பள்ளியில் இதே குழியில் விழுவோம். கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

தறிக்காரருக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் உங்களிடம் பாவு கொடுக்கும்போது எத்தனை தறி இருக்கிறது என்றா பார்ப்பார்? எத்தனை ஓடுகிறது, ஷிப்ட்டுக்கு எத்தனை மீட்டர் இறங்குகிறது என்றுதானே பார்ப்பார்? அதேதான். ஒரு பள்ளியில் நான்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 50 மணி, 100 மணிக்கும் பரிசோதனைக்கு நிறுத்தியே ஆகவேண்டும், அதனால் ஒன்று எப்போதும் ஷெட்டில் இருக்கும். ஓடுவது மூன்று. ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் பறந்தால் மொத்தம் 15 மணி. மூடுபனி, மழை, காற்று, விடுமுறை எல்லாம் போக வருடத்துக்கு 250 நாள் பறக்கலாம் என்றால் 3,750 மணி. மாணவர்கள் 60 பேர், ஆளுக்கு 200 மணி, ஆக 12,000 மணி. வகுத்துப் பாருங்கள், மூன்று வருடம் தாண்டுகிறது. இதில் யாரும் ஏமாற்ற வேண்டியதே இல்லை. எல்லோரும் நேர்மையாக வேலை செய்தாலும் 18 மாதத்தில் முடியாது.

பள்ளிக்கு நேரில் போய்க் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: நேற்று எத்தனை மணி நேரம் பறந்தீர்கள்? பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

10-06-2024, கொஞ்ச நேரம் கழித்து

அந்த 200 மணி என்ன என்று இன்னொருவர் கேட்டார். வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் குறைந்தது 200 மணி பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நாமே பொறுப்பு விமானியாக ஓட்டியது. அந்த நூறுக்குள் ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ் கண்ட்ரி 20 மணி, அதிலும் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமானத் தளங்களில் இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி, இரவில் 5 மணி. வயது 18 ஆகியிருக்க வேண்டும். சொந்த ஆசைக்குப் பறக்கும் தனியார் உரிமம் என்றால் 17 வயது, 40 மணி போதும். ஆனால் அதை வைத்துச் சம்பளம் வாங்க முடியாது.

12-06-2024

மருத்துவம் பற்றி. தம்பி கண்ணாடி போட்டிருக்கிறான், தகுதி இருக்குமா என்று அண்ணா கேட்டிருந்தார். பயணிகள் விமானத்துக்குக் கண்ணாடி தடையே இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். பறக்கும்போது போட்டிருக்க வேண்டும், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறம் பிரித்துப் பார்ப்பதுதான் பெரிய விஷயம். புள்ளிப் புள்ளியாக வட்டம் போட்டு நடுவில் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்கள். அதில் சிக்கல் இருந்தால் பூமி விற்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட வேண்டாமா?

முதலில் கிளாஸ் 2 மருத்துவச் சான்று, விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் (டிஜிசிஏ) பட்டியலில் உள்ள மருத்துவரிடம். அது முடிந்த பிறகே கிளாஸ் 1. வணிக உரிமத்துக்குக் கிளாஸ் 1 கட்டாயம். பல பள்ளிகள் கிளாஸ் 2 போதும், சேர்ந்துகொள் என்பார்கள். சட்டப்படி தப்பில்லை. என்னோடு படித்த ஒரு பையன் அப்படித்தான் சேர்ந்தான். 70 மணி பறந்த பிறகு கிளாஸ் 1 போனான், இதயப் பரிசோதனையில் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதிவிட்டார்கள். அது சரியாகி வர ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடமும் அவன் அறையில் படுத்துக் கூரையைப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

15-06-2024

தேஜஸ் பார்த்து ஆசைப்பட்டவன் என்று கேள்வியில் இருந்ததை முதல் நாள் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். முக்கியமான விஷயம் அதுதானே.

சூலூரில் இருப்பது விமானப் படைத் தளம். தம்பி கேட்டு வளர்ந்த தேஜஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தம்பிக்குப் பிடித்தது அந்தச் சத்தமா, வானத்தில் இருப்பதா? சத்தம்தான் என்றால் அவன் போக வேண்டியது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்டிஏ தேர்வு. பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் இருக்கிறது, எழுதலாம். அங்கே பயிற்சிக்கு நாம் ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை. பட்டப் படிப்பு முடித்துவிட்டு, விமானப் படை நடத்தும் ஏஎஃப்சிஏடி தேர்வு எழுதியும் போகலாம். ஆனால் படையில் கண் பார்வை விதி மிகக் கடுமை, கண்ணாடிக்காரர்களுக்குப் போர் விமானம் கடினம். இரண்டும் வேறு வேறு வாழ்க்கை. தேஜஸ் ஆசையில் வந்து ஏடிஆர் ஓட்டுகிறவர்களும் உண்டு, சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் அவனை உட்கார வைத்து ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

19-06-2024

வடக்கே ஏன் போக வேண்டும், சேலத்திலேயே பள்ளி வருகிறதே என்று ஓமலூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், 2022இல் விமான நிலைய ஆணையம் பறத்தல் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று. பாவ்நகர், ஹுப்ளி, கடப்பா, கிஷன்கட் மற்ற நான்கு. நம் பக்கம் பறப்பதில் ஒரு பெரிய நன்மை, டிசம்பர் ஜனவரி மூடுபனி வடக்கே போல வாரக் கணக்கில் நிற்காது. கண்ணால் பார்த்துப் பறக்க 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும். நான் இருந்த ஊரில் தை மாதம் முழுக்கக் காலை 11 மணி வரை பக்கத்து ஷெட் தெரியாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டே இருப்போம்.

பக்கத்தில் என்பதற்காக மட்டும் சேராதீர்கள். அங்கேயும் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்.

நன்மை நம் பக்கம் மட்டும்தான் என்று எழுதிவிட்டேனோ? வெயிலைச் சொல்ல வேண்டும். நாளை எழுதுகிறேன்.

20-06-2024

வெயில். சூடான காற்று மெலிந்த காற்று. மெலிந்த காற்றில் இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, புரொப்பல்லருக்கும் கடி குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. அதனால் விமானம் தான் உண்மையில் இருக்கும் உயரத்தை விட்டுவிட்டு இன்னும் மேலே இருப்பதுபோல நடந்துகொள்ளும். கணக்கு இப்படி: கடல் மட்டத்தில் 15 டிகிரி என்பது அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி கூட்டிக்கொள்ள வேண்டும். பீளமேட்டில் உள்ள கோயமுத்தூர் விமான நிலையம் சுமார் 1,320 அடி உயரம். சித்திரையில் 38 டிகிரி என்றால் 23 டிகிரி கூடுதல், 2,760 அடி. கூட்டினால் ஏறக்குறைய 4,080 அடி. செஸ்னா என்ற சிறிய பயிற்சி விமானம் நிற்பது பீளமேட்டில், அதற்குத் தோன்றுவது மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறிப் பாதி வழி. ரன்வேயில் ஓடும் தூரமும் அதற்கேற்ப நீளும்.

இதனால்தான் பள்ளிகளில் விடியற்காலையிலேயே பறக்கத் தொடங்குகிறார்கள். தம்பிக்கு எட்டு மணி வரை தூங்கும் பழக்கம் இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

21-06-2024

மேலே உள்ள கணக்கில் தப்பு. பொள்ளாச்சி ஆசிரியர் ஒருவர் பிடித்துவிட்டார், சரியாகப் பிடித்தார். 15 டிகிரி என்பது கடல் மட்டத்துக்கு. ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும் என்பதால் பீளமேட்டு உயரத்தில் அளவு 12.4 என்று எடுக்க வேண்டும். அப்போது வித்தியாசம் 25.6 டிகிரி, அதாவது 3,070 அடி. மொத்தம் சுமார் 4,390 அடி. பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் எங்கேயோ. 300 அடிதானே என்று விடக்கூடாது. வகுப்பில் இதே தப்பைச் செய்த பையன்களை நான் விடமாட்டேன், அதனால் என்னையும் விடக்கூடாது. நன்றி சார்.

18-07-2024

ஆடி பிறந்துவிட்டது, காற்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா.

பாலக்காட்டுக் கணவாயில் மலைத்தொடர் 30, 40 கிலோமீட்டருக்கு விட்டுப் போகிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்தச் சந்தில் புகுந்து புனல் வழியாக ஊற்றினதுபோல நம் பக்கம் வருகிறது. பல்லடம், உடுமலை, பொங்கலூர்ப் பக்கமெல்லாம் காற்றாலை நிற்பது அதனால்தான். கோயமுத்தூர் ரன்வேயும் ஏறக்குறைய அந்தத் திசையைப் பார்த்தே போட்டிருக்கிறது, ஒரு முனை 05, மறு முனை 23. அதாவது 230 டிகிரியை நோக்கி இறங்கலாம், காற்று பெரும்பாலும் முகத்தில் அடிக்கும்.

பெரும்பாலும் என்றேன். ஒரு நாள் 260 டிகிரியிலிருந்து 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வையுங்கள். ரன்வேக்கும் காற்றுக்கும் 30 டிகிரி வித்தியாசம். 30 டிகிரிக்குப் பக்கக் காற்று சரிபாதி, ஆக 10 நாட் பக்கவாட்டில் தள்ளும். செஸ்னா 172 சோதனையில் இறங்கிக் காட்டிய பக்கக் காற்று அளவு 15 நாட். கையேட்டுப்படி இறங்கலாம். ஆனால் 20 மணி நேர மாணவன் இறங்கலாமா என்பதைப் பயிற்றுநர் முடிவு செய்வார், அவர் வேண்டாம் என்றால் முகம் சுளிக்கக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அம்மி பறந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கு நாம் பறக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, பீளமேட்டில் ரன்வே ஓரம் மயில்கள். முருகன் வாகனம்தான், ஆனால் எஞ்சின் முன்னால் வந்தால் இரண்டு பேருக்கும் கேடு.

04-08-2024

பெட்ரோல் பங்கில் போடுகிற பெட்ரோலா என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். சிறிய விமானங்களுக்கு ஏவ்கேஸ் என்று தனி எரிபொருள். இளநீல நிறம், சாயம் கலந்தே வருகிறது.

அந்த நிறத்தைப் பார்ப்பதுதான் ஒவ்வொரு நாளும் நான் செய்த முதல் வேலை. விடியற்காலை ஐந்தே முக்கால். இறக்கை முழுக்கப் பனி ஈரம். நான் குட்டை, இறக்கைக்கு அடியில் நுனிக்காலில் நின்று கையில் உள்ள கண்ணாடிக் குழாயின் முனையை வடிகால் வால்வில் குத்துவேன். கொஞ்சம் முழங்கை வழியாக வழியும், சில்லென்று இருக்கும், உடனே காய்ந்து தோல் வெளிறிப் போகும். குழாயை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். நீலமாக இருக்கிறதா, வாசனை சரியா, அடியில் ஏதாவது நிற்கிறதா. ஒரு மழைக்கு மறுநாள் நின்றது. குழாயின் அடியில் ஒரு விரல் தடிமனுக்கு நிறமே இல்லாமல், மேலே நீலம். தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். குலுக்கினால் முத்து முத்தாக உடைந்து மறுபடி சேர்ந்துகொள்ளும். அதோடு கிளம்பியிருந்தால் 200 அடி உயரத்தில் எஞ்சின் தண்ணீரைக் குடித்திருக்கும். ஏழு தடவை வடித்தேன், முழுக் குழாயும் நீலமாகும் வரை.

பயிற்றுநர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், உதவிக்கு வரவில்லை. ஏழாவது தடவைக்குப் பிறகு பக்கத்தில் வந்து, எட்டாவது ஒன்று எனக்காக, என்றார். அன்றைக்குக் கற்றது அந்த 34 மாதத்தில் கற்ற பலவற்றை விடப் பெரிது.

05-08-2024

நேற்று எழுதியதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை பள்ளிக்கு வந்தார், இரண்டு நாள் ரயிலில். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். நான் ஓட்டிவிட்டு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, எப்படி இருந்தது கண்ணு என்பது இல்லை. "கிளம்புறதுக்கு முன்னால சத்தம் ரெண்டு தடவை கொஞ்சம் இறங்குச்சே, அது என்ன?"

நூறு அடிக்கு அப்பால் நின்று காதாலேயே பிடித்துவிட்டார். அது மேக்னட்டோ சோதனை. செஸ்னாவின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டு மேக்னட்டோ, தனித் தனி வரிசை. ஓடும் எஞ்சினில் சாவியை ஒரு பக்கம் திருப்பினால் ஒரு மேக்னட்டோ நிற்கும், சுற்று கொஞ்சம் இறங்கும். மறு பக்கம் திருப்பினால் மற்றது. அளவுக்கு மேல் இறங்கினால் பறக்கக் கூடாது. இறங்கவே இல்லை என்றாலும் பறக்கக் கூடாது, சாவி வயரில் கோளாறு என்று அர்த்தம். மேக்னட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை, அதனால் மின்சாரம் முழுக்கப் போனாலும் எஞ்சின் நிற்காது. இதைச் சொன்னதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. டிவிஎஸ் 50இல் இருப்பதுதானே, இதில் ரெண்டு வெச்சிருக்கான், என்றார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறார்.

பட்டறைப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் பின்தங்கியவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெக்னிக்கல் பாடத்தில் எனக்கு 88 வந்தது, பாதி அப்பாவின் பட்டறையில் கற்றது.

25-08-2024

முதல் சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் முதல் தடவை தனியாக ஓட்டியது பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர். சுருக்கமாக: 23 மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று சுற்று இறக்கிக் காட்டினேன். பயிற்றுநர் எஞ்சின் ஓடும்போதே கதவைத் திறந்து இறங்கி, பெல்ட்டை இழுத்துக் கட்டி வைத்துவிட்டு, ஒரு சுற்று மட்டும் போய்ட்டு வா, என்றார். அவருடைய எடை இல்லாததால் விமானம் எனக்கு முன்னால் கிளம்பியது. பழகின இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே 1,000 அடி வந்துவிட்டது. இறங்கினேன். வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள், அது வழக்கம். பயமே இல்லை.

26-08-2024

பயமே இல்லை என்று நேற்று எழுதியது உண்மை இல்லை. இரவு முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. படிக்கிற பிள்ளைகள் தங்களுக்குப் பயம் வந்தால் தகுதி இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

ரன்வேக்கு இணையாக எதிர்த் திசையில் போகும் டவுன்விண்டில் திரும்பியபோது வலது பக்கம் பார்த்தேன். காலி சீட். கட்டி வைத்த பெல்ட். அந்தச் சீட்டைப் பார்த்ததும் வாய் வறண்டது, டவருக்குச் சொல்ல வேண்டிய வாசகம் மறந்து போனது. மூன்று விநாடி இருக்கும். அப்புறம் அவர் தினம் சொல்வது காதில் விழுந்தது: முதலில் ஓட்டு, அடுத்து எங்கே இருக்கிறாய் என்று பார், பேச்சு கடைசி. மூக்கை அடிவானத்தில் வைத்தேன், வேகத்தைப் பார்த்தேன், பிறகு பேசினேன். இறங்கும்போது சக்கரம் தொட்டு ஒரு தடவை எம்பியது. நேராகப் பிடித்துக் காத்திருந்தேன், உட்கார்ந்தது. கீழே வந்து வாளித் தண்ணீர் விழுந்தபோதுதான் அழுதேன், தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை.

08-09-2024

தமிழ் வழியில் படித்தவர்களால் முடியுமா என்ற கேள்விக்கு. நான் பத்தாவது வரை தமிழ் வழி. தேர்வுகள் ஆங்கிலத்தில்தான், உரிமத்துக்கு ஆங்கிலப் புலமை நான்காம் நிலை தேவை. ஆனால் ரேடியோவில் பேசும் ஆங்கிலம் ஒரு சின்னப் பெட்டி. சில நூறு சொற்கள், ஒரே வாக்கிய அமைப்பு, அலங்காரம் கிடையாது. புரியவில்லை என்றால் சே அகெய்ன். நேரம் வேண்டும் என்றால் ஸ்டாண்ட்பை. இந்த இரண்டையும் கூச்சப்படாமல் சொல்லத் தெரிந்தவன் பாதுகாப்பாகப் பறப்பான். சரளமாகப் பேசத் தெரிந்தும் கேட்காததைக் கேட்டதாகத் தலையாட்டுகிறவன் ஆபத்து. ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் உரிமத்தின் வாய்மொழித் தேர்வுக்கு நான் தினமும் குளிக்கும்போது சத்தமாகப் பேசிப் பழகினேன். விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் இருந்த அம்மிச்சி, புள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொன்னார்.

பள்ளியில் ரேடியோ பேச்சைக் கேட்கலாம், அனுமதி கேட்டு உட்காருங்கள். காது பழகுவதுதான் பாதி.

29-09-2024

சோமனூர் அண்ணா இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். முதல் பள்ளியில் நேற்று எத்தனை மணி என்றதும் அலுவலகத்தில் காபி கொடுத்தார்களாம், பதில் கொடுக்கவில்லையாம். இரண்டாவது இடத்தில் பறத்தல் பதிவேட்டையே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், முந்தைய நாள் 17 மணி, ஐந்து விமானத்தில் நான்கு ஓடுகிறது, மாணவர் 38 பேர். இவர் அங்கேயே பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு வருடம் ஆகும், 18 மாதம் ஆகாது என்று பள்ளிக்காரரும் ஒப்புக்கொண்டாராம். அண்ணா, உண்மையான மாதக் கணக்கை வாய்விட்டுச் சொல்கிற இடம் அது. தவணையை 25 மணி, 25 மணியாகப் பிரித்துக் கேளுங்கள். பறந்த பிறகு அடுத்தது.

அவர்கள் மறுத்தால்? அதையும் யோசித்தேன். 50 மணிக்கு ஒரு தவணை வரை இறங்கலாம். அதற்கு மேல் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

02-10-2024

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று. தாமதம் என்றால் வயதும் பணமும் மட்டும் போவதில்லை. அந்த 200 மணி விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். பொறுப்பு விமானியாக ஓட்டிய நூறில் 15 மணி கடைசி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதம் விமானம் இல்லாமல் உட்கார்ந்தால், முன்பு ஓட்டியதை மறுபடி காசு கொடுத்து ஓட்ட வேண்டி வரும். எனக்கு வந்தது. அந்தக் கடைசிப் பணத்துக்குத்தான் அப்பா ஒரு லேத்தை விற்றார். இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் அதுதான்.

வெளிநாடு போனால் சீக்கிரம் முடியுமே என்பவர்களுக்கு: முடியும். ஆனால் அந்த உரிமத்தை வைத்து இங்கே ஓட்ட முடியாது, இங்கே வந்து தேர்வு எழுதி மாற்ற வேண்டும். எப்படியும் புத்தகம் விடாது. அதனால்தான் புத்தகத்தை முதலில் முடி என்கிறேன்.

உரிமம் வந்த பிறகும் வேலை வாசலில் நிற்காது. 2016இல் முடித்தேன், 2018இல்தான் வேலை. நடுவில் இரண்டு வருடம் பிள்ளைகளுக்கு நேவிகேஷன் சொல்லிக் கொடுத்தேன். குறிப்பிட்ட பெரிய விமானத்துக்கான டைப் ரேட்டிங் செலவும் தனி. பூமி முழுவதையும் பயிற்சிக்கே போட்டுவிட்டால் இந்த இரண்டையும் எதை வைத்துக் கடப்பது?

14-12-2024

தம்பி கிளாஸ் 1 வாங்கிவிட்டான், கண்ணாடியோடு. ஆர்டிஆர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் தேர்வில் ரெகுலேஷன் 81. நேவிகேஷன் 62. தேர்ச்சிக்கு 70 வேண்டும். ஐந்து பூமி தரகர்கள் வந்து போயும் இன்னும் விற்கவில்லை என்று அண்ணா எழுதியிருக்கிறார்.

வினாக்களை நினைவிலிருந்து அவன் எழுதி அனுப்பினான். விட்டதெல்லாம் ஒரே இடம், 60க்கு 1 கணக்கு. தம்பி, இதைப் பிடி. 60 கடல் மைல் போன பிறகு 1 மைல் விலகியிருந்தால் 1 டிகிரி தப்பு. கோயமுத்தூரிலிருந்து சேலம் நேர்கோட்டில் சுமார் 75 மைல். 30 மைல் போனதும் கீழே பார்க்கிறாய், கோட்டுக்கு 2 மைல் தெற்கே இருக்கிறாய். 60ஐ 30ஆல் வகு, 2ஆல் பெருக்கு, 4 டிகிரி விலகல். 4 டிகிரி திருப்பினால் கோட்டுக்கு இணையாகத்தான் போவாய், சேலம் போய்ச் சேரமாட்டாய். மீதி 45 மைலுக்குள் அந்த 2 மைலையும் மூட வேண்டும், அதற்கு இன்னும் 2.7 டிகிரி. மொத்தம் ஏறக்குறைய 7 டிகிரி இடது பக்கம். நீ நான்கோடு நிறுத்தியிருக்கிறாய், எல்லா வினாவிலும்.

22ஆம் தேதி எனக்கு விடுமுறை. கணபதிக்கு வா, அப்பாவின் பட்டறை மாடியில் பழைய வரைபடங்கள் இருக்கின்றன. ஸ்கேலும் கோணமானியும் எடுத்து வா, கால்குலேட்டர் வேண்டாம்.